எல்மோ ஏன் ஓடுது?

போன ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்து, கூடத்தில் பாய் விரித்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். நான், என் மாமியார், என் மூன்றரை வயது மகள். வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியைப் பார்க்கலாம் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. அவளுக்கு எல்மோ என்றால் உயிர். அந்தச் சிவப்புப் பொம்மை பேசும் ஆங்கிலம் பாதிதான் புரியும், மீதியை அவளே இட்டுக்கட்டிக்கொள்வாள். யூடியூபில் ஒன்று முடிந்து அடுத்தது தானாக ஓட ஆரம்பித்தது. பாடகி கேட்டி பெர்ரி எல்மோவோடு சேர்ந்து பாடிய ஒரு பழைய துண்டு.

பளபளக்கும் உடை, மார்புக்கு மேலே கழுத்துவரை மெல்லிய வலைத்துணி, தலையில் முக்காடு. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்னம்மா இது, சின்னப் புள்ளைங்க பாக்குறதுல இப்படி ஒரு சட்டையா? மாத்திவிடு.”

“முழுசா பாருங்க அத்தை. எதிர்ச்சொல் பாட்டுதான். சூடு, குளிர், மேலே, கீழே, அவ்வளவுதான்.”

“நான் பாட்டைச் சொல்லல. இவளும் நாளைக்கு அதே மாதிரி கேப்பா.”

பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மகள் என் முழங்காலைத் தட்டினாள்.

“அம்மா, எல்மோ ஏன் ஓடுது? அந்த அக்கா மேல கோவமா?”

எங்கள் இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை. நாங்கள் உடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள், விளையாட வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கழன்றுகொள்ளும் ஒரு கூட்டாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க இதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மழலையர் பள்ளியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். பிள்ளைகள் முன்னால் யாரைக் கொண்டுவந்து நிறுத்தலாம், எப்படி நிறுத்தலாம் என்பது எனக்குச் சினிமாச் செய்தி இல்லை. அதில் நான் பட்ட பாடு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாட்டின் கதை. 2010 செப்டம்பரில் செசமி ஸ்ட்ரீட்டின் 41ஆவது பருவம் தொடங்க இருந்தது. அதற்கு முன்பே இந்தத் துண்டை யூடியூபில் வெளியிட்டார்கள். மூலப் பாட்டு, மனசு நிலையில்லாத ஒரு காதலனைப் பற்றியது. பிள்ளைகளுக்காக வரிகளை மாற்றி, வேஷம் போட்டு விளையாடலாம் என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கும் எல்மோவைப் பற்றியதாக ஆக்கியிருந்தார்கள். உண்மையிலேயே நல்ல யோசனை. எதிர்ச்சொற்கள் அந்த வயதுக்கான பாடம். ஒருநாள் ஆசையும் மறுநாள் பயமுமாக இழுபடும் நண்பன் அந்த வயதின் பெரிய பிரச்சினை. ஆனால் வெளியே வந்த பேச்சு முழுக்க அந்தப் பாடகியின் கழுத்துக்குக் கீழேயே நின்றது. செப்டம்பர் 23 அன்று, பார்த்தவர்கள் சொன்ன கருத்துகளைக் கருதி இதைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப் போவதில்லை, யூடியூபில் பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று செசமி நிறுவனம் அறிவித்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, பெரியவர்களுக்கான ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் அவர் எல்மோ படம் போட்ட சட்டையில் வந்து அதையே நகைச்சுவையாக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். யாருக்காக அந்தப் பாட்டை எடுத்தார்களோ அந்தப் பிள்ளை இந்த முழு விவகாரத்திலும் எங்குமே இல்லை. எனக்கு மனசு கஷ்டமாக இருப்பது அங்கேதான்.

அன்று புகார் சொன்ன பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வீட்டுக் கூடத்துக்குள் யார் வருகிறார்கள் என்று கேட்பது பெற்றவர்களின் வேலை. என் மாமியார் கேட்டதும் அதைத்தான். ஆனால் அந்தத் துண்டை ஒளிபரப்பாமல் நிறுத்தியது சரியில்லை என்றே நினைக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளையின் கண் அந்தப் பாட்டில் எங்கே போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால், பேச வேண்டிய விஷயமே வேறு என்று தெரிந்திருக்கும். அந்த நிகழ்ச்சி உருவானதே அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான். அதனால்தான் எனக்கு இந்த ஆதங்கம்.

1969 நவம்பர் 10 அன்று முதல் ஒளிபரப்பு. ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மோரிசெட்டும் தொடங்கிவைத்தது. பள்ளிக்குப் போகும் முன்பே பின்தங்கிவிடும் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் டிவி வழியாகவே போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பால்மர் ஒரு சோதனை செய்தார். அறையில் டிவி ஓடும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்லைடு புரொஜெக்டர், 7.5 விநாடிக்கு ஒரு தடவை புதுப் படம் காட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் கண் டிவியிலேயே நிற்கிறதா, ஸ்லைடுக்குத் தாவுகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். தாவினால் அந்தக் காட்சி தோற்றது. எழுதியவர் யார், நடித்தவர் யார் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

இதில் அறிஞர்களே தோற்றிருக்கிறார்கள். பொம்மைகளையும் மனிதர்களையும் ஒரே காட்சியில் கலந்தால் பிள்ளைகளுக்கு நிஜமும் கற்பனையும் குழம்பிவிடும் என்று உளவியலாளர்கள் சொல்ல, தெருக் காட்சிகளை மனிதர்களை மட்டும் வைத்து எடுத்தார்கள். 1969 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் சோதனைக்குப் போட்டபோது, தெருக் காட்சி வந்ததுமே பிள்ளைகளின் கண் வேறு பக்கம் போய்விட்டது. அப்புறம்தான் பெரிய மஞ்சள் பறவையான பிக் பேர்டும் குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் ஆஸ்கரும் தெருவுக்கே வந்தார்கள். பிள்ளைகள் யாரும் குழம்பவில்லை.

பிரபலங்களைக் கூப்பிட்டதற்கும் காரணம் இருந்தது. அம்மா அப்பா கூட உட்கார்ந்து பார்த்தால் பிள்ளை கூடுதலாகக் கற்றுக்கொள்ளும். பெரியவர்களுக்குத் தெரிந்த ஒரு முகம் வந்தால், அடுப்படியிலிருந்து அவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனை நிகழ்ச்சியிலேயே நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் வந்து ஆங்கில அகரவரிசையைச் சொன்னார். மொட்டைத் தலை, திரை நிறைய முகம், ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் நீண்ட மௌனம். எழுத்து அவர் தலைக்குப் பக்கத்தில் தோன்றும், கொஞ்சம் கழித்துத்தான் அவர் வாயைத் திறப்பார். 26 எழுத்துக்கு ஒன்றரை நிமிடம். கேட்டால் யாருக்கும் தூக்கம் வரும் என்றுதான் தோன்றும். ஆனால் முதல் தடவை அவர் சொன்ன பிறகு சொன்ன பிள்ளைகள், சில தடவை பார்த்ததும் எழுத்து தோன்றிய உடனேயே, அவர் சொல்லும் முன்பே கத்தினார்கள். இன்னும் சில தடவைக்குப் பிறகு எழுத்து தோன்றும் முன்பே சொன்னார்கள். அவருடைய மௌனத்தைத் தங்களுக்கு விட்ட இடமாக எடுத்துக்கொண்டார்கள். வகுப்பில் நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ‘அம்மா இங்கே வா வா’ சொல்லும்போது ‘ஆசை’ என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டால் போதும், ‘முத்தம் தா தா’ என்று இருபத்தைந்து குரல் வந்து விழும்.

விருந்தாளிக்குத் தகுதி என்று ஒன்று உண்டென்றால் எனக்கு இதுதான் முதலாவது. பிள்ளைக்கு அவர் இடம் விடுகிறாரா?

1973இல் ஸ்டீவி வொண்டர் வந்து அந்தத் தெருவில் தன் இசைக்குழுவோடு ஒரு பாட்டு வாசித்தார். கிட்டத்தட்ட ஏழு நிமிடம். மூடநம்பிக்கையைப் பற்றிய பாட்டு, அமெரிக்காவில் அந்த வருடம் பெரிய வெற்றி. பிள்ளைகளுக்காக ஒரு சொல்லைக்கூட இளக்கவில்லை, தாளத்தை மெதுவாக்கவில்லை. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழுச் சத்தத்தில். கேமரா மெல்ல மேலே போகும்போது, மாடிப்படி இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பது தெரியும். யாரும் அவனை ஆடச் சொல்லவில்லை. தன்னை எடுக்கிறார்கள் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. இருபது தடவையாவது அதைப் பார்த்திருப்பேன். சிறைச்சாலைகளில் போய்க் கைதிகளுக்கு முன்னால் பாடிய ஜானி கேஷும் அதே வருடம் வந்து, குப்பைத் தொட்டி ஆஸ்கருக்குப் பக்கத்தில் நின்று கிதாரோடு பாடிவிட்டுப் போனார். இவர்களின் மற்ற பாட்டுகளையும் வாழ்க்கையையும் எடுத்து வைத்துப் பார்த்தால், பிள்ளைகள் நிகழ்ச்சிக்கு இவர்களைக் கூப்பிடலாமா என்று நாள் முழுக்க வாதம் செய்யலாம். அந்த ஏழு நிமிடத்தில் அவர்கள் பிள்ளைகளோடு எப்படி இருந்தார்கள் என்பதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

சரி, அப்படியானால் எதுவும் வரலாமா? இல்லை. இங்கேதான் சூனியக்காரியின் கதைக்கு வர வேண்டும்.

1939இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் பச்சை முகத்தோடு வரும் சூனியக்காரியாக நடித்தவர் மார்கரெட் ஹாமில்டன். நடிப்புக்கு வருவதற்கு முன் கிளீவ்லாந்தில் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் அவர், என் இனம். 1976 பிப்ரவரி 10 அன்று செசமி ஸ்ட்ரீட்டில் அதே வேடத்தில் வந்தார். பறந்து போகும்போது துடைப்பம் கை நழுவித் தெருவில் விழுகிறது. அதைத் திரும்பப் பெற வருகிறாள், மிரட்டுகிறாள், கடைக்குள் மழை பெய்ய வைக்கிறாள். டேவிட் என்ற இளைஞன் பயந்தாலும் விட்டுக்கொடுக்காமல், மரியாதையாகக் கேட்டால்தான் தருவேன் என்கிறான். பயத்தை எதிர்கொள்வது எப்படி என்று காட்டுவதுதான் எண்ணம். எழுதியவர்களின் நல்ல நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெற்றோரிடமிருந்து கடிதம் கடிதமாக வந்தது. பிள்ளை வீரிட்டு அழுகிறது, இனி இந்த நிகழ்ச்சியையே பார்க்க மறுக்கிறது என்று. அவர்களும் பிள்ளைகளைக் கூட்டிச் சோதனைக் காட்சி போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் மறு ஒளிபரப்பே வேண்டாம் என்று எடுத்துவைத்துவிட்டார்கள். 2022 ஜூனில்தான் அது எப்படியோ இணையத்துக்கு வந்தது.

அதே ஹாமில்டன், அதே வேடத்தோடு, அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1975 மே மாதம், ஃப்ரெட் ரோஜர்ஸ் என்பவர் நடத்திய இன்னொரு அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். அங்கே ஒரு பிள்ளையும் பயந்ததாகப் பேச்சில்லை. என்ன வித்தியாசம்? ரோஜர்ஸ் வீட்டுக்குள் அவர் வந்தது சாதாரண உடையில், ஒரு பாட்டியாக. உட்கார்ந்து பேசினார்கள். அந்தச் சூனியக்காரி வெறும் நடிப்பு, பாசாங்கு என்று சொன்னார். எப்போதும் நினைத்தது கிடைக்காமல் போகிறதே என்ற எரிச்சல் அவளுக்கும் உண்டு என்று அவள் பக்கத்து நியாயத்தையும் சொன்னார். அப்புறம் பாவாடையை எடுத்து மேலே கட்டிக்கொண்டார், மேலங்கி, கடைசியாகக் கூம்புத் தொப்பி. ஒவ்வொன்றாக, பிள்ளைகளின் கண் எதிரிலேயே. பாட்டி எங்கே முடிகிறார், சூனியக்காரி எங்கே தொடங்குகிறாள் என்று பார்க்கிற பிள்ளைக்குத் தெரியும். சில வருடம் கழித்து, பச்சை அரக்கன் ஹல்க்காக நடித்த லூ ஃபெரிக்னோவுக்கு மேக்கப் போடுவதையும் ரோஜர்ஸ் இப்படியே காட்டினார்.

நான் பட்ட பாடு என்றேனே, அது இந்த இடத்தில்தான். நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பொங்கல் விழாவுக்குத் தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டோம். யோசனை என்னுடையதுதான். நம் ஊர்க் கலையைப் பிள்ளைகள் பார்க்கட்டுமே என்ற ஆசை. துரியோதனன் வேடம். தலைமையாசிரியர் அறைக்குள் வைத்து அரிதாரம் பூசி, கிரீடம், புஜக்கீர்த்தி எல்லாம் கட்டி முடித்தார்கள். முறைப்படி இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம். பெரியவர்கள் எங்களுக்கே புல்லரித்தது. திரை விலகி, செக்கச் சிவந்த முகமும் முறுக்கு மீசையுமாக அவர் ஒரு அதட்டல் போட்டார் பாருங்கள், முன்வரிசையில் இருந்த எல்கேஜி முழுக்க ஒரே ஓலம். ஒரு பெண் குழந்தை என் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நடுங்கினாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் அப்பா வந்து என்னிடம், “டீச்சர், ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேங்குறா. உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கூத்து நல்ல கூத்து, கலைஞர் கைதேர்ந்த கலைஞர். பிசகு என்னுடையது. வேடம் கட்டுவதைப் பூட்டிய கதவுக்குள் வைத்துவிட்டேன்.

அந்தக் கலைஞருக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, அடுத்த வாரம் தானாகவே வந்தார். சட்டை, வேட்டி, நெற்றியில் விபூதி. கையில் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் வரச்சொல்லியிருந்தேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை. வகுப்பறைத் தரையில் சுவர் ஓரமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, சிவப்புப் பொடியைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். பத்து நிமிடம் ஆனது. முதலில் இரண்டு பையன்கள் போனார்கள். அப்புறம் அவள் அம்மாவின் விரலைப் பிடித்தபடியே நாலடி, விட்டுவிட்டு இரண்டடி. “கண்ணு, தாத்தாவுக்குப் பூசிவிடுறியா?” என்று கன்னத்தைக் காட்டினார். ஒற்றை விரலால் தொட்டு ஒரு கோடு இழுத்தாள். அடுத்து மூக்கில் ஒன்று. அரை மணியில் அவர் முகம் முழுக்க அவள் கைவேலை. அப்புறம் அவர் மெல்லிய குரலில், பாதிச் சத்தத்தில், அந்தத் துரியோதனன் அதட்டலைப் போட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னும் சத்தமா” என்றாள்.

ரோஜர்ஸ் என்று ஒருவர் இருந்தார் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. வருடங்கள் கழித்து அந்த 1975 காட்சியைப் பார்த்தபோது அந்தத் தகரப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

அதனால் பொருத்தம் என்பது ஆளைப் பொறுத்த அளவுக்கு அவர் உள்ளே வரும் விதத்தையும் பொறுத்தது என்று சொல்வேன். ‘பொருத்தமில்லை’ என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்தித்தான் கேட்க வேண்டும். 1970 மே மாதம் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் செசமி ஸ்ட்ரீட்டை ஒளிபரப்பக் கூடாது என்று முடிவெடுத்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தெருவில் சேர்ந்து வாழ்வதாகக் காட்டுகிறார்கள் என்பது குறை. செய்தி வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும் மூன்று வாரத்தில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். அன்றைக்கும் அவர்கள் சொன்னது பிள்ளைகளின் பெயரில்தான். 2020இல் நடிகர் பில்லி போர்ட்டர், ஆஸ்கர் விழாவுக்கு அணிந்து வந்த கறுப்பு வெல்வெட் கவுனிலேயே அந்தத் தெருவுக்கு வந்து படம் பிடித்துக்கொண்டபோது, ஆர்கன்சா மாநில செனட்டர் ஒருவர், தம் மாநிலப் பொதுத் தொலைக்காட்சிக்குப் போகும் நிதியை நிறுத்துவேன் என்றார். கேட்டி பெர்ரி விஷயத்தில் பெண்ணின் உடை குறைந்துவிட்டது என்று வாதம், இங்கே ஆணின் உடை நீண்டுவிட்டது என்று வாதம். இரண்டு தடவையும் துணியை அளந்தவர்கள் பெரியவர்கள்.

இதை அத்தையிடம் பேசிப் புரியவைக்க முடியாது என்று தெரியும். அதனால் புதன்கிழமை சாயந்தரம் பூக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் வேறு ஒரு துண்டைப் போட்டுக் காட்டினேன். 1977இல் வந்தது. பாடகி பஃபி செயின்ட் மேரி தன் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிக் பேர்ட் வந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறது. குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன் என்கிறார். வேடிக்கையாக இருக்கிறதே என்கிறது அது. நிறைய அம்மாக்கள் இப்படித்தான் கொடுப்பார்கள், எல்லாரும் இல்லை, இது இவனுக்கு நல்லது, கொடுக்கும்போது நான் இவனை அணைத்துக்கொள்ளவும் முடிகிறதே என்கிறார். பிக் பேர்டுக்குச் சமாதானம். இன்றைக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதைக் காட்டினால் சிலராவது முகம் சுளிப்பார்கள்.

அத்தை நாரை இழுத்து முடிச்சுப் போட்டபடியே பார்த்தார். “இதுல காட்டுறதுக்கு என்னம்மா இருக்கு? புள்ள பசிச்சு அழுதா குடுக்கத்தான் வேணும். நாலு பேரையும் பஸ்ஸுலயும் களத்துமேட்டுலயும் வச்சுத்தான் குடுத்தேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வலைத்துணிக்கு நிமிர்ந்து உட்கார்ந்த அதே அத்தை. இரண்டிலும் அவர் மனசார உணர்ந்ததைத்தான் சொன்னார். வளர்ந்த இடம் எதைப் பார்த்துப் பழக்கியிருக்கிறதோ அது உறுத்துவதில்லை. மகளுக்கோ இரண்டுமே உறுத்தவில்லை. “பாப்பா சமத்தா குடிக்குது” என்றாள்.

நான் கறாராக இருக்கும் இடமும் ஒன்று உண்டு. பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் பெரியவர் வந்து பாடுவது ஒன்று, பிள்ளையையே மேடையேற்றிப் பெரியவர் ஆக்குவது வேறு. நம் நாட்டு நடனப் போட்டி நிகழ்ச்சிகளில் ஆறு வயதுப் பெண் சினிமாக் கதாநாயகியின் இடுப்பசைவை அப்படியே செய்ய, விருந்தினராக வந்த நட்சத்திரம் எழுந்து நின்று கைதட்டும் காட்சியை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், படங்களில் பெரியவர்கள் ஆடிய ஆட்டத்தைச் சிறுவர் சிறுமியரை ஆடவைப்பது வயதுக்குப் பொருந்தாதது, ஆபாசமான அசைவுகளைத் தவிருங்கள் என்று தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தல் அனுப்ப வேண்டிவந்தது. அங்கே என் கோபம் அந்த விருந்தாளி மேல்தான். கையைத் தட்டாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து, கண்ணு, உனக்குப் பிடிச்ச பாட்டு எது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது போலவே, தன் படத்தையோ ஆல்பத்தையோ விற்க மட்டும் வந்து, பொம்மைக்குக் கை குலுக்கிவிட்டுக் கேமராவைப் பார்த்தே பேசிவிட்டுப் போகிறவர் எவ்வளவு போர்த்திக்கொண்டு வந்தாலும் எனக்கு வேண்டாம். பொம்மையின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பிபிசியின் குழந்தைகள் சேனலான சிபீபீஸில், 2009இல் கெர்ரி பர்னல் என்ற தொகுப்பாளர் வந்தார். பிறக்கும்போதே வலது முழங்கைக்குக் கீழே கை இல்லாதவர். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று சில பெற்றோர் புகார் எழுதினார்கள். சேனல் அவரை மாற்றவில்லை. அதே சேனலில் தினமும் சாயந்தரம் தூங்கும் நேரத்துக்கு முன், பிரபலம் ஒருவர் வந்து உட்கார்ந்து கதை வாசிப்பார். 2018இல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ராப் டெலானி. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர். பெரியவர்களுக்கான, ரொம்பவே பச்சையான நகைச்சுவைக்குப் பேர்போனவர். அவர் மேடையில் பேசியதை எழுதி ஒரு பெற்றோரிடம் நீட்டினால், என் பிள்ளை பக்கமே வரக்கூடாது என்றுதான் சொல்வார்கள்.

அவருடைய மகன் ஹென்றிக்கு ஒரு வயதில் மூளையில் கட்டி. சிகிச்சையில் தொண்டையில் குழாய் வைத்ததால் குரல் வரவில்லை. வீட்டில் எல்லாரும் மக்கட்டன் கற்றுக்கொண்டார்கள். பேச்சோடு சேர்த்துக் கையாலும் சைகை காட்டும் முறை அது. 2018 ஜனவரியில், இரண்டரை வயதில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். அதே வருடம்தான் இவர் வந்து, மகனோடு பேசிய அந்தக் கைகளால் ஒரு கதையை முழுக்க மக்கட்டனில் சொன்னார். அந்த நிகழ்ச்சியில் மக்கட்டனில் சொன்ன முதல் கதை அதுதான். அவனும் அண்ணன்களும் சேர்ந்து அந்த நிகழ்ச்சியை விரும்பிப் பார்த்திருந்தார்கள்.

நேற்றிரவு மகளைத் தூங்கவைக்கும் முன் யூடியூபில் அந்தத் துண்டு கிடைத்தது. பெரிய ஆகிருதி, தாடி, மெதுவான குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் கை. மகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள், பிறகு அவளையும் அறியாமல் கை எழுந்தது. அவர் விரலை மடக்கினால் இவளும் மடக்கினாள், அவர் கன்னத்தில் கை வைத்தால் இவளும் வைத்தாள். ஏன் இந்த மாமா கையால் பேசுகிறார் என்று கேட்டாள். பேச முடியாத பாப்பாவுக்கும் கதை வேணும் இல்லையா, அதுக்குத்தான் என்றேன். ஹென்றியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொன்னேன்.

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். துண்டு முடிந்து அடுத்தது ஓட ஆரம்பித்ததும் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மாத்தாதம்மா. முதல்ல இருந்து போடு. அந்தத் தம்பி கையை எப்படி வச்சாருன்னு நான் சரியா பாக்கல.”